கரடிக்கு எந்தத் துவக்கு?

அன்பின் தவம்,

உன் கடிதம் கிடைத்தது. மூத்தவளுக்கு வேலை கிடைத்த செய்தியை வாசித்துக் காட்டினேன், இவளுக்கும் நல்ல சந்தோசம். இங்கே கனடாவில், ஒன்ராறியோவின் சட்பரியில் ஏரிகளின் ஐஸ் இன்னும் முழுதாக உடையவில்லை. என் முழங்கால் பரவாயில்லை, படி ஏறும்போதுதான் குத்துகிறது. சின்னவன் கோடை விடுமுறைக்கு வீட்டுக்கு வருகிறானாம்.

இனி நீ கேட்ட விஷயம். மே மாதம் கரடி வேட்டைக்கு வருகிறாய், அதுவும் குழாயின் வாய்வழியாக வெடிமருந்து போட்டு இடிக்கும் துவக்கோடு. இதை நீ எப்போது கேட்பாய் என்று கன நாளாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடையில் பார்த்த இரண்டில் .45 காலிபர் (அங்குலத்தில் குழாயின் உள்விட்டம்) மலிவு, .54 விலை கூட. மலிவானதை வாங்கி மருந்தைக் கொஞ்சம் கூட்டிப் போட்டால் காணாதா என்று எழுதியிருக்கிறாய். காணாது, மச்சான். மருந்தைக் கூட்டி அந்தக் குறையைத் தீர்க்க ஏலாது.

இரண்டு குழாய்க்கும் விட்டத்தில் 2.3 மில்லிமீட்டர்தான் வித்தியாசம். சன்னத்தை, அதாவது குண்டை, தராசில் வைத்தால்தான் விஷயம் விளங்கும். .45க்குப் போடும் ஈய உருண்டை சுமார் 128 கிரெயின், எட்டு கிராமுக்குச் சற்றுக் கூட. .50க்கு 177 கிரெயின். .54க்கு 224 கிரெயின், பதினாலரை கிராம். அதாவது .45ஐவிட முக்கால் பங்கு அதிகம். உருண்டைக்குக் காற்று பெரிய எதிரி. .50 உருண்டை செக்கனுக்கு 1900 அடி வேகத்தில் குழாயை விட்டுக் கிளம்பினாலும் 100 யாரில் (கஜத்தில்) 1100 அடி அளவுக்கு இறங்கிவிடும். சக்தியில் மூன்றில் ஒரு பங்குதான் மிச்சம். மருந்தைக் கூட்டி வாங்கிய வேகம் வழியிலேயே போய்விடும், நிறை மட்டும்தான் கடைசிவரை கூட வரும்.

கரடியின் உடம்பைக் கிட்டப் பார்த்தால் இது இன்னும் நன்றாக விளங்கும். போன இலையுதிர் காலத்தில் இங்குள்ள நண்பர் ஒருவர் .50 உருண்டையால் முப்பது யாரளவில் ஒரு ஆண் கரடிக்கு வெடி வைத்தார். நல்ல வெடி, முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால். கரடி நின்ற இடத்தில் ஒரு கொத்துக் கறுப்பு மயிர் கிடந்தது. இரத்தம் ஒரு சொட்டுக்கூட இல்லை. இருட்டிவிட்டது. டோர்ச் வெளிச்சத்தில் புதர் இலைகளைப் புரட்டிப் புரட்டி, முறிந்த கொப்புகளைப் பார்த்துப் பார்த்துப் போனோம். சதுப்புக்குள் செத்துக் கிடந்தது. அவ்வளவு தூரமில்லை, ஆனால் அந்த இருட்டில் தவறவிட்டிருந்தால் காலையில் இறைச்சி பழுதாகியிருக்கும். உரித்தபோதுதான் காரணம் தெரிந்தது. சன்னம் இரண்டு நுரையீரலையும் துளைத்து, மறுபக்கத் தோலுக்கு அடியில் சதக் காசு மாதிரித் தட்டையாகி நின்றிருந்தது. உள்ளே போன துளையைக் கொழுப்பு வந்து அடைத்துவிட்டது. கசிந்த கொஞ்ச இரத்தத்தையும் நீள மயிர் உறிஞ்சிக்கொண்டது.

அதனால்தான் சொல்கிறேன், கரடிக்கு இரண்டு துளை வேண்டும். சன்னம் மறுபக்கத்தால் வெளியே வரவேண்டும், அதுவும் தாழ்வாக வந்தால் இரத்தம் நிலத்தில் விழும். வசந்த காலத்தில் குகையை விட்டு வரும் கரடி மெலிந்திருக்கும், கொழுப்புத் தொல்லை குறைவு. மயிர் மட்டும் அப்படியேதான்.

பழைய ஆட்களும் இதைப் பட்டுத்தான் அறிந்தார்கள். கிழக்கே பென்சில்வேனியாக் காடுகளில் மான் சுட்டவர்களுக்குச் சிறிய துளைத் துவக்கு போதுமாக இருந்தது. மேற்கே ரொக்கி மலைப்பக்கம் போகப் போகக் குழாயும் பெருத்தது. சென்ட் லூயிஸில் ஹோக்கன் சகோதரர்கள் செய்த துவக்குகள் பெரும்பாலும் .50க்கு மேல். 1805 மே மாதம், அமெரிக்காவின் மேற்கை ஆராயப் போன லூயிஸ், கிளார்க் பயணத்தில் ஒரு கரடிக்குப் பத்துச் சன்னம் போட்டார்கள். ஐந்து நுரையீரலைத் துளைத்தும் அது ஆற்றில் பாதிக்கு மேல் நீந்திப் போனது என்று குறிப்பேட்டில் எழுதியிருக்கிறார்கள். அது கிறிஸ்லி என்னும் பெரிய பழுப்புக் கரடி. நம்முடைய கறுப்புக் கரடி அவ்வளவு முரடல்ல, அதற்காக மிச்சம் பிடிக்கத் தேவையில்லை.

.50 வாங்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. உருண்டைக்குப் பதிலாக நீளமான ஈயச் சன்னம், 370 கிரெயின் அளவில், போட்டால் .50 கரடிக்குத் தாராளம். ஆனால் குழாயின் உள்முறுக்கை, அதாவது சன்னத்தைச் சுழலவைக்கும் உட்பள்ளங்களை, பார்க்க வேண்டும். உருண்டைக்கு மெதுவான முறுக்கு, 60 அல்லது 66 அங்குலத்துக்கு ஒரு சுற்று. நீளச் சன்னத்துக்கு 28 அங்குலம் மாதிரி இறுக்கமான முறுக்கு. 48 அங்குலம் இரண்டுக்கும் நடுவில், இரண்டையும் ஓரளவு எறியும். நீ பார்த்த .45 மெதுவான முறுக்கு என்று எழுதியிருக்கிறாய், ஆகவே அதில் பாரமான சன்னம் போட்டுத் தப்பவும் வழியில்லை. ஊரில் இடியன் துவக்குக்குள் தும்பும் ஈயத்துண்டும் அடைத்ததைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அந்தக் கணக்கை இங்கே கொண்டு வராதே.

.54ஐ எடுத்தால், சுத்தமான மெல்லீயத்தில் வார்த்த உருண்டை, அதைச் சுற்றக் கொழுப்புத் தடவிய பருத்தித் துணி, 90 கிரெயின் கருமருந்து. அதிலிருந்து தொடங்கித் தாளில் சுட்டுப் பார், உற்பத்தியாளர் சொன்ன உச்சத்தைத் தாண்டாதே. இன்றைய தோட்டாத் துவக்குகளுக்குரிய புகையில்லா மருந்தை ஒரு நாளும் போடாதே, குழாய் வெடித்துக் கையைக் கொண்டுபோய்விடும். உருண்டை மருந்தின்மேல் முட்டி இருக்கவேண்டும், நடுவில் வெளி இருந்தால் குழாய் வீங்கும். இடிக்கும் கோலில் ஒரு கோடு கீறி வைத்துக்கொள், ஒவ்வொரு முறையும் கோடு அதே இடத்தில் நிற்கிறதா என்று பார்.

தூரம் அறுபது யாருக்குள் வைத்துக்கொள். பக்கவாட்டில் திரும்பும்வரை பொறு, முன்னங்கால் முன்னே போன கணத்தில் அதன் பின்னால், உடம்பின் நடுவுக்குச் சற்றுக் கீழே. வயிற்றில் தொங்கும் மயிரை உடம்பென்று நினைத்து மிகத் தாழ்த்திவிடாதே. நேர் முகத்துக்குச் சுடாதே. வெடித்ததும் புகை எல்லாவற்றையும் மறைக்கும், குனிந்து புகைக்கு அடியால் பார், காதைக் கொடு, உடனே மறுபடி மருந்து போடு.

இங்கே வசந்த வேட்டை மே 1 முதல் ஜூன் 15 வரை. 1999இல் நிறுத்தினார்கள், 2014இல் பரீட்சார்த்தமாகத் தொடங்கி 2021இல் நிரந்தரமாக்கினார்கள். குட்டியோடு நிற்கும் தாயைச் சுடக்கூடாது. குட்டிகள் பிந்தி வரும், ஆகவே தனிக் கரடியைக் கண்டதும் அவசரப்படாமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிரு. இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். பழைய முறைச் சக்கிமுக்கிக்கல் நெடுந்துவக்குக்குத் துப்பாக்கி உரிமம் தேவையில்லை, இக்காலத்தில் செய்த, வெடிக்கும் கேப் போடும் துவக்குக்குத் தேவை. வேட்டை அனுமதி இரண்டுக்கும் கட்டாயம். உன் வேட்டை அட்டையை இப்போதே எடுத்துப் பார், காலாவதியாகியிருந்தால் புதுப்பித்துவிடு.

இறைச்சியை இவள் மிளகுத்தூள் போட்டு நீண்ட நேரம் வேகவைப்பாள். கரடி இறைச்சியில் இருக்கும் புழு உறைபெட்டிக்குள் வைத்தாலும் சாகாது, நன்றாக வெந்தால்தான் சாகும். உள்ளே சிவப்புத் தெரிந்தால் சாப்பிடவிட மாட்டாள்.

கடைக்காரரிடம் .54இன் முறுக்கு எத்தனை என்று கேட்டு எழுது. குழாய்க்குள் ஒரு சிறு லைட்டை இறக்கித் துருப் பள்ளங்கள் இருக்கிறதா என்றும் பார், பாவித்த துவக்கில் விலையைத் தீர்மானிப்பது அதுதான். மே நடுப்பகுதியில் வந்தால் நல்லது, அதற்குப் பிறகு நுளம்பும் கறுப்பு ஈயும் இருக்கவிடாது. கீழறை உனக்காகக் காலியாக இருக்கிறது.

அன்புடன்,
குகன்