அம்மா கொடுத்த அவரை விதை

மச்சான்,

ஐப்பசி முழுக்க உன் போனை எடுக்காமல் இருந்ததற்கு வேலை காரணமில்லை. பயம்தான். உன் அம்மா கொடுத்த பட்டை அவரை விதையை அழுகவிட்டுவிட்டேன். திட்டாமல் கடைசிவரை படி.

ஆடியில் போட வேண்டியது. அப்போது மொட்டைமாடியில் தளவேலை, ஆவணியில் வெறும் சோம்பல், ஞாபகம் வந்தது புரட்டாசிக் கடைசியில். ஹார்லிக்ஸ் பாட்டிலில் சாம்பலோடு இருந்தது 14 விதை. பாதியை எடுத்து வைக்க வேண்டும் என்று எந்த மடையனுக்கும் தோன்றியிருக்கும், எனக்குத் தோன்றவில்லை. அத்தனையையும் ஒரே நாளில் இரண்டு பைகளில் ஊன்றினேன். அப்புறம் நாலு நாள் விடாமல் அடைமழை.

பையின் அடியில் ஓட்டை இல்லாமல் இல்லை. ஆனால் பை தளத்தோடு அப்பிக்கொண்டால் ஓட்டை இருந்து என்ன பயன்? போதாததற்குப் பாதிக்குப் பாதி தேங்காய் நார்க்கழிவு கலந்திருந்தேன், சித்திரை வெயிலுக்கு நல்லதென்று. ஐப்பசியில் அது தண்ணீரைப் பிடித்துக்கொண்டு விடவே மாட்டேனென்கிறது. விரலை விட்டுத் தோண்டினால் விதை வெந்த மொச்சை மாதிரி தோலைவிட்டுப் பிதுங்கியது, ஒரே சாக்கடை வாடை. முளைத்தது மூன்று. ஒன்று மண்ணோடு ஒட்டிய இடத்தில் தண்டு நைந்து சாய்ந்தது, இன்னொன்றை ராத்திரி நத்தை மொட்டையடித்தது. (மாடிக்கு எப்படி ஏறியது என்று கேட்காதே, நர்சரித் தொட்டியில்தான் வந்திருக்கும்.)

மிச்சம் ஒன்று. அன்றைக்கே பையைச் செங்கல் மேல் தூக்கி வைத்து, கம்பியைக் காய்ச்சிப் பக்கவாட்டில் ஓட்டை போட்டேன். பழுப்பாகத் தண்ணீர் கொட்டியது பார், அரை மணி நேரம்.

உங்கள் ஊர் வீட்டை வாங்கியவர் அவரைப் பந்தலை வெட்டிவிட்டார் என்று போன வருஷம் நீ சொன்னாய், நானும் உம் கொட்டினேன். அந்தச் செடி முன்னால் குடையோடு உட்கார்ந்திருந்தபோதுதான் உறைத்தது, இந்த விதை வேறு யாரிடமும் இல்லை. துபாயில் ஏசியில் இருக்கும் உன்னிடம் எதைச் சொல்வது?

ஆனால் மச்சான், பூத்துவிட்டது! இடுப்புயரக் கொடிதான், ஆடியில் போட்டிருந்தால் தண்ணீர்த்தொட்டி வரை ஏறியிருக்கும். நாட்டு அவரைக்குப் பகல் குறைய வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. சென்னையில் ஆனியில் கிட்டத்தட்ட 13 மணி நேரமாக இருக்கும் பகல் மார்கழியில் பதினொன்றேகாலை ஒட்டி வந்துவிடும். முன்னால் போட்டதும் பின்னால் போட்டதும் ஏறக்குறைய ஒரே சமயத்தில்தான் பூக்கின்றன. கார்த்திகை தீபத்தன்று விளக்கு வைக்கப் போனபோது பார்த்தேன், ஊதாவில் ஒரே ஒரு கொத்து. இப்போது நாலு. அசுவினி வந்தாயிற்று, எறும்பும் பின்னாலேயே. வேப்பெண்ணெய் அடித்தால் சாயங்கால மழை கழுவிக்கொண்டு போகிறது, அதனால் காலையில் விரலாலேயே நசுக்குகிறேன்.

முதல் கொத்தில் சிவப்பு நூல் கட்டிவிட்டேன், அது விதைக்கு. உன் தங்கச்சி பொரியலுக்குக் கண் வைத்திருக்கிறாள், நீயே போன் போட்டுச் சொல். பாதி உனக்கு, பாதி எனக்கு, அக்காவுக்கும் கொஞ்சம். இனிமேல் ஒரே வீட்டில் வைக்க வேண்டாம்.

ஒன்று மட்டும் அக்காவிடம் கேட்டு எழுது. அம்மா புரட்டியது விறகுச் சாம்பலா, வறட்டிச் சாம்பலா? கேஸ் அடுப்பு வீட்டில் இரண்டுமே இல்லை, தை முடிவதற்குள் எங்காவது பிடித்தாக வேண்டும்.