திருக்கோவிலூருக்கு ஒரு வேண்டுகோள்

ஆல்பேட்டை, கடலூர்
12.10.2025

சேகர்,

பொங்கலுக்கு நீ போட்ட கடிதத்துக்கு ஐப்பசி பிறக்கப்போகிற நேரத்தில் பதில் எழுதுகிறேன். திட்டுவதை எல்லாம் நேரில் வைத்துக்கொள். அக்காவுக்குக் கண் ஆபரேஷன் முடிந்து மறுபடி பேப்பர் படிக்கிறாள். வாத்தியார் இன்னும் அதே சைக்கிள்தான்.

வீட்டை விற்கவில்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

போன டிசம்பர் தொடக்கத்தில் தென்பெண்ணை எங்கள் தெருவுக்குள் வந்ததை உன்னிடம் முழுசாகச் சொல்லவே இல்லை. நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையேறியது. மழை விட்டதும் தப்பித்தோம் என்று இருந்துவிட்டோம். மேலே சாத்தனூர் அணையில் வினாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் திறந்திருக்கிறார்கள். எச்சரிக்கை கொடுத்தார்களாம், எங்கள் தெரு வரைக்கும் அது வந்து சேரவில்லை. அம்மாவை நாற்காலியோடு தூக்கி மாடி ஏற்றினோம். சுனாமிக்கும், 'தானே' புயலுக்கும், 2015 வெள்ளத்துக்கும் அழாதவள் அன்றைக்கு அழுதாள்டா.

அதிலிருந்து எனக்கு இதே நினைப்புதான். பருவநிலை மாற்றத்துக்கு நாடு போட்ட திட்டங்களைத் தேடித் தேடிப் படித்தேன். 2008ல் போட்ட தேசியச் செயல்திட்டத்தில் எட்டு இயக்கங்கள். சூரிய ஒளி, தண்ணீர், விவசாயம் எல்லாம் உண்டு, இமயமலைக்கே தனியாக ஒன்று. அந்த எட்டில் கடற்கரைக்கென்று ஒன்றுகூட இல்லை. புகையைக் குறைப்பதில் நாம் மோசமில்லை. மின் நிலையங்களின் மொத்தத் திறனில் பாதி 2030க்குள் நிலக்கரி, எண்ணெய், எரிவாயு அல்லாததாக இருக்கும் என்றோம், 2025லேயே எட்டியாயிற்று. ஆனால் வீட்டுக்கு வருகிற கரண்டில் பெரும்பகுதி இன்னும் நிலக்கரியில்தான் வருகிறது. நெய்வேலிச் சுரங்கத்தை நம்பி எத்தனை குடும்பம் இருக்கிறது என்று உன் மாமனார் வீட்டைக் கேட்டாலே தெரியும், ஒரே நாளில் மூடு என்று நான் சொல்லமாட்டேன். நிகரப் புகை பூஜ்யமாவதற்கு, அதாவது விடுகிற புகையும் உறிஞ்சுகிற புகையும் சரிக்குச் சரியாவதற்கு, 2070 என்று கெடு வைத்திருக்கிறோம். அதுவரைக்கும் ஆறு சும்மா இருக்குமா?

வங்கதேசத்தைப் பார். 1970 புயலில் அங்கே 3 லட்சம் பேருக்கு மேல் செத்தார்கள். அதற்கப்புறம் அவர்கள் முதலில் திரட்டியது ஆட்களை. கடலோரத்தில் ஊருக்கு ஊர் தொண்டர்கள், ஆணும் பெண்ணும். கொடி ஏற்றுவார்கள், மெகாஃபோனில் கூவிக்கொண்டே தெருத் தெருவாகப் போவார்கள், நடக்க முடியாதவர்களைப் புயல் காப்பகத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். 2020ல் ஆம்பன் மாதிரி பெரும்புயல் அடித்தபோதும் அங்கே சாவு நூறைத் தொடவில்லை. பணக்கார நாடில்லை, சேகர். நம்மால் ஏன் முடியாது?

எங்கள் தெருவில் பதினாலு பேர் சேர்ந்திருக்கிறோம். எந்த வீட்டில் கிழவி, எந்த வீட்டில் கைக்குழந்தை என்று எழுதி வைத்தாயிற்று. கோயில் மைக்செட்டுக்காரர் ஒத்துக்கொண்டார். இல்லாதது மேலேயிருந்து சொல்ல ஓர் ஆள்தான். அன்றைக்கு அந்தத் தண்ணீர் உன் ஊரைத் தாண்டித்தான் எங்களிடம் வந்தது. நீயோ ஒன்பது மணிக்கே குறட்டை விடுகிற ஆள். ஆனாலும் கேட்கிறேன்: இந்த மழைக்கு உங்கள் பாலத்தில் தண்ணீர் ஏறினால், ராத்திரி இரண்டு மணியானாலும் எனக்கு ஃபோன் பண்ணு.

தங்கச்சியிடமும் என் நம்பரைக் கொடுத்து வை.

ரவி