ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் காலையில் பசிக்கும்

தமிழ்நாடு அரசின் சமூக நலத்துறைக்கும் பள்ளிக் கல்வித் துறைக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அமைச்சர் பெருமக்களுக்கும் அதிகாரிகளுக்கும் வணக்கம்.

காலை உணவுத் திட்டத்தை ஐந்தாம் வகுப்போடு நிறுத்தாமல் பத்தாம் வகுப்பு வரை கொண்டுபோங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன். 2022 செப்டம்பர் 15-இல் மதுரையில் தொடங்கிய திட்டம், அடுத்த ஆண்டே அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் போய்ச் சேர்ந்தது. பிறகு கிராமத்து உதவிபெறும் பள்ளிகளுக்கும், 2025 ஆகஸ்டில் நகரத்து உதவிபெறும் பள்ளிகளுக்கும் வந்தது. மனசு நிறைந்த காரியம். ஆனால் பிள்ளை ஆறாம் வகுப்பில் கால் வைத்த அன்றைக்கே அந்தத் தட்டு இல்லாமல் போகிறது.

பிள்ளைகள் நிறைந்த வீட்டில் சோறு எப்படிப் பங்காகும் என்று பார்த்து வளர்ந்தவன் நான். கமுதிப் பக்கம், வானம் பார்த்த கரிசல் பூமி. நாங்கள் எட்டுப் பிள்ளைகள். அதுபோக அப்பத்தா, கல்யாணமாகாத சித்தப்பா. மழை தவறிய வருஷம் மிளகாயும் கிடையாது, பருத்தியும் கிடையாது. அப்பா சீமைக்கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடப் போய்விடுவார். கரண்ட் இல்லாததும், ஒரே பாயில் நாலு பேர் படுத்ததும் எங்களுக்குக் குறையாகத் தெரிந்ததில்லை. காலைப் பசிதான் தெரிந்தது.

விடிந்ததும் அப்பத்தா பழைய சோற்றுப் பானையைத் திறப்பாள். வேலைக்குப் போகிறவர்களின் தூக்குச்சட்டிக்கு முதலில் பிழிந்து வைப்பாள். அடுத்து, அழுகிற சின்னதுகளுக்கு. அப்புறம் ஆம்பளைப் பிள்ளைகளுக்கு. பெரியக்காவின் முறை வரும்போது பானையைச் சாய்த்துத்தான் வழிக்க வேண்டியிருக்கும். உப்புப் போட்ட நீச்சத்தண்ணி, அடியில் நாலு பருக்கை, கடித்துக்கொள்ளச் சுட்ட மிளகாய் வத்தல். குடித்துவிட்டுக் கண்மாய்க் கரையோடு பக்கத்து ஊர்ப் பள்ளிக்கு நடப்பாள். யாரும் அவளை வஞ்சிக்கவில்லை. விவரம் தெரிந்த பிள்ளை கடைசியில்தான் சாப்பிடும். அது பெண்ணாகவும் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவைத் தொடங்கியபோது, கிராமத்தில் இரண்டு வயது முதல் ஒன்பது வயது வரைதான் சோறு. நான் பள்ளியில் சாம்பார் சாதம் சாப்பிட்டேன். பன்னிரண்டு வயது அக்காவுக்குக் கிடையாது. ராத்திரிதான் அவளுக்கு ஒருவேளை முழுச் சாப்பாடு. அவளைப் பள்ளியை விட்டு நிறுத்திக் காட்டு வேலைக்கு அனுப்பலாம் என்று வீட்டில் பேச்சு வந்தது. 1984-இல் பதினைந்து வயது வரை சத்துணவு உண்டு என்று அரசு நீட்டித்தது. மதியச் சோறு உறுதியானதும் அந்தப் பேச்சு அடங்கிப்போனது. அக்கா பத்தாவது முடித்தாள். அன்றைக்கு வயசு வரம்பைத் தாண்ட அரசுக்கு இரண்டே வருஷம் போதுமாக இருந்தது.

இன்று எட்டுப் பிள்ளை வீடு அபூர்வம். ஆனால் மில் வேனுக்கும் களையெடுப்புக்கும் அம்மா விடியுமுன் கிளம்பிவிடுகிற வீடுகள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. எங்கள் பக்கத்து நடுநிலைப் பள்ளி ஒன்றுக்குப் புதன்கிழமை காலையில் வந்து பாருங்கள். மூன்றாவது படிக்கிற தம்பி வரிசையில் உட்கார்ந்து பொங்கல் சாப்பிடுகிறான். ஆறாவது படிக்கிற அக்கா அவன் பையைப் பிடித்துக்கொண்டு தூணோரம் நிற்கிறாள். ஒரே வளாகம், ஒரே அடுப்பு, சமைப்பதும் ஒரே மகளிர் குழு. அந்தப் பிள்ளை வயசுக்கு வரும் பருவத்தில் இருக்கிறாள் என்பதையும் நினைத்துப் பாருங்கள். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் பாதிப் பேருக்கு மேல் ரத்தசோகை என்று வந்திருக்கிறது. அது பதினைந்தாம் பிறந்தநாளன்று திடீரென வருகிற நோய் அல்ல.

செலவு கூடும், தெரியாமல் கேட்கவில்லை. ஆனால் மதியச் சத்துணவு இப்போதே பத்தாம் வகுப்பு வரை உண்டு. சமையற்கூடம் இருக்கிறது, பாத்திரம் இருக்கிறது. முதலில் நடுநிலைப் பள்ளிகளில் ஆறு முதல் எட்டு வரையிலான பிள்ளைகளைச் சேருங்கள். அங்கே காலையில் அடுப்பு எரிந்துகொண்டுதான் இருக்கிறது, கூடுதலாக வேண்டியது அரிசியும் ரவையும் பருப்பும், குழு அம்மாக்களுக்கு இன்னும் கொஞ்சம் கூலியும்தான். உயர்நிலைப் பள்ளிகளுக்கு அடுத்த நிதிநிலை அறிக்கையில் பணம் ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
கமுதி வட்டாரத்து விவசாயி மகன்