படம் போடுற குழுவுக்கும் ஒரு விருது வேணும்

ஆசிரியருக்கு வணக்கம்.

சினிமா விருது செய்தி வந்தா நடிகர், டைரக்டர், கேமராமேன்னு பேர் பேரா போடுறீங்க, சந்தோஷம். ஆனா டிக்கெட் இல்லாம படிப்பகத்துலயும் மொட்டைமாடியிலயும் நல்ல படமா தேடிப் போட்டு, முடிஞ்சதும் ஜனங்கள உக்கார வெச்சு பேச வைக்கிற பிலிம் சொசைட்டி ஆளுங்கள ஏன் யாரும் கூப்பிட்டு ஒரு விருது குடுக்க மாட்டேங்குறாங்க? தேசிய விருதுல படத்துக்கு இருக்கு, சினிமா புத்தகத்துக்கு இருக்கு, விமர்சகருக்கு இருக்கு, 2015 விருதுகள்ல சினிமாவுக்கு உகந்த மாநிலம்னுகூட ஒண்ணு ஆரம்பிச்சாங்க, இவங்களுக்கு மட்டும் இல்ல.

இத்தனைக்கும் மெட்ராஸ் இதுக்கெல்லாம் புதுசு இல்ல சார். 1947-ல சத்யஜித் ரேயும் சிதானந்த தாஸ்குப்தாவும் கல்கத்தா பிலிம் சொசைட்டி ஆரம்பிச்சாங்க, 1952-ல முதல் சர்வதேச திரைப்பட விழா பம்பாய்ல நடந்துட்டு நம்ம ஊருக்கும் வந்துச்சு, 1959-ல கல்கத்தா, டெல்லி, பம்பாய், பாட்னா, ரூர்க்கி சொசைட்டிகளோட மெட்ராஸும் சேந்துதான் பிலிம் சொசைட்டிகளோட இந்திய கூட்டமைப்ப ஆரம்பிச்சாங்க. ரே தலைவர், துணைத் தலைவர்கள்ல ஒருத்தர் அம்மு சுவாமிநாதன், அரசியல் நிர்ணய சபையில இருந்தாங்களே அதே அம்மா, மெட்ராஸ் பிலிம் சொசைட்டிய தொடங்கி வளத்ததும் அவங்கதான். இந்த விஷயம் நம்ம பசங்களுக்கு யாரும் சொல்லித் தர்றதில்ல, அதுல எனக்கு ரொம்ப வருத்தம்.

விருதுன்னு பாத்தா சொசைட்டிங்க குடுக்குற கையாவேதான் இருந்திருக்கு. 1947-ல பிரான்ஸ்ல கான் நகரத்துல ஆரம்பிச்ச பிலிம் சொசைட்டிகளோட சர்வதேச கூட்டமைப்பு பெரிய பெரிய விழாக்கள்ல டான் கிஹோட்டே பரிசுன்னு ஒண்ணு குடுக்குது, ஜூரியா உக்கார்றது சொசைட்டி ஆளுங்கதான். நம்ம இந்திய கூட்டமைப்போட கேரளா கிளை, மலையாள டைரக்டர் ஜான் ஆபிரகாம் பேர்ல மலையாளப் படத்துக்கு விருது குடுக்குது, அவர்தான் ஊர் ஊரா போய் படம் போட்டு ஜனங்ககிட்ட காசு திரட்டி 1986-ல படம் எடுத்த மனுஷன், தமிழ்லயும் ஒரு படம் எடுத்து தேசிய விருது வாங்கினவர். அவர் பேர வெச்சது சரியான மரியாதை. ஆனா பிரிட்டன்ல சொசைட்டிங்களுக்கே வருஷ விருது இருக்கு, படத் தேர்வுக்கு ஒண்ணு, விளம்பரத்துக்கு ஒண்ணு, புதுசா ஆரம்பிச்சவங்களுக்கு, மாணவர் சொசைட்டிக்கு, ஊர் மக்கள சேத்ததுக்குன்னு தனித்தனியா. ஜெயிக்கிறவங்க பெரிய ஆளுங்க இல்ல, சின்ன ஊர்ல ஹால்ல நாற்காலி எடுத்துப் போடுற தொண்டருங்க.

எங்க வடசென்னையில ஃபுட்பாலுக்கு கப் இருக்கு, கேரம்க்கு கப் இருக்கு, பாக்ஸிங்குக்கு பெல்ட் இருக்கு, அதனாலதான் சந்துக்கு ஒரு கிளப் உயிரோட இருக்கு. தண்டையார்பேட்டை அகஸ்தியா தியேட்டர 2020-ல மூடுனதுக்கப்புறம் பக்கத்துலயே ஒண்ணா உக்காந்து படம் பாக்குற இடம் இன்னும் சுருங்கிப் போச்சு. எங்க தெருவுல காலேஜ் பசங்க டியூஷன் சென்டர் புரொஜெக்டர வாங்கி, வெள்ளை பெட்ஷீட்ட கட்டி, சவுண்ட் சர்வீஸ் அண்ணன் பாதி வாடகைக்கு குடுத்த பாக்ஸ வெச்சு ஒரு ஈரான் படம் போட்டாங்க. சப்டைட்டில் படிக்கத் தெரியாத ஒரு ஆயாவுக்காக ஒரு பொண்ணு பக்கத்துல உக்காந்து வரிக்கு வரி தமிழ்ல சொல்லிட்டே வந்துச்சு, கொஞ்ச நேரத்துல ஏய் சத்தமா சொல்லும்மான்னு பின்னாடியிருந்து கேக்க ஆரம்பிச்சிட்டாங்க, அப்புறம் அந்தப் பொண்ணுக்கு மைக்கே குடுத்துட்டாங்க. படம் முடிஞ்சு ஒரு மணி நேரம் யாரும் கலையல, படத்துல வர்ற அப்பன் செஞ்சது சரியா தப்பான்னு மீன் விக்கிற அக்காவும் ஆட்டோ ஓட்டுற அண்ணனும் சண்டையே போட்டுக்கிட்டாங்க. இதுக்கு மேல சினிமா ரசனை வகுப்பு எங்க சார் இருக்கு!

அதனால மாநில விருதுல இவங்களுக்குன்னு ஒரு பிரிவு வேணும்னு கேக்குறேன். எத்தன படம் போட்டாங்கன்னு பாக்கக் கூடாது, படத்துக்கப்புறம் பேச்சு நடந்துச்சா, பொம்பளைங்க வந்தாங்களா, படிக்கத் தெரியாதவங்களுக்கு என்ன வழி பண்ணாங்கன்னு பாக்கணும். ஷீல்டு மட்டும் வேணாம், திரையிடுற உரிமைக்கும் புரொஜெக்டருக்கும் ஆகுற காச சேத்து குடுக்கணும். அந்தந்த வருஷமே குடுக்கணும், ஏன்னா 2009-லேர்ந்து 2014 வரைக்குமான மாநில விருதெல்லாம் 2022-லதான் மொத்தமா குடுத்தாங்க, சொந்தக் காசு போட்டு நடத்துற குழு அவ்ளோ வருஷம் தாங்காது.

அரசாங்கம் செய்யுற வரைக்கும் நீங்க ஒண்ணு செய்யலாம். எந்தக் குழு எந்த நாள் எங்க படம் போடுதுன்னு வெள்ளிக்கிழமை சினிமா பக்கத்துல நாலு வரி போடுங்க, எங்க தெரு பசங்க விவரத்த நானே எழுதி அனுப்புறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை