பாடத்துக்கு ஓர் ஆசிரியர்

அன்புள்ள மாலதி,

இங்கே அனைவரும் நலம். அம்மா இப்போது கைத்தடி இல்லாமல் நடக்கிறாள். ரகு மாறவே இல்லை, கேட்காதே.

நேற்று வெண்பாவின் பள்ளியில் நிறைவு விழா. "ஐந்தாம் வகுப்புக்குப் பட்டமளிப்பா? அடுத்து தடுப்பூசி போட்டதற்கும் ஒன்று வைப்பார்களா?" என்று போன முறை தொலைபேசியில் சிரித்தாயே, அந்தச் சிரிப்பைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு இதைப் படி.

பட்டமளிப்பு அங்கி சின்னப் பிள்ளைகளுக்குப் பொருந்தாது என்று நீ சொன்னது நியாயம்தான். ஐரோப்பாவின் இடைக்காலப் பல்கலைக்கழகங்களில் படித்தவர்கள் மதகுருமாரைப் போல நீண்ட அங்கி அணிந்தார்கள்; அந்தக் குளிரில் அது தேவையாகவும் இருந்தது. அதையே பத்து வயதுப் பிள்ளைக்கு மாட்டினால் கை எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருக்கிறது. வெண்பா மேடைப் படி ஏறும்போது தடுக்கிவிடாமலிருக்க இரண்டு கைகளாலும் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். சான்றிதழ் வாங்க ஒரு கை வேண்டுமே என்பது தலைமையாசிரியை எதிரே போய் நின்ற பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

தொப்பி வீசியதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. 1912இல் அன்னாபொலிஸில் உள்ள அமெரிக்கக் கடற்படை அகாடமியில் தொடங்கிய வழக்கம் என்பார்கள். படிப்பு முடிந்த அன்றே அவர்கள் அதிகாரிகளாகிவிட்டதால் மாணவர் தொப்பிக்கு வேலை இல்லாமல் போயிற்று, வீசினார்கள். நம் பிள்ளைகளுக்கு எது தேவையற்றுப் போய்விட்டது? ஒன்றுமில்லை.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது இதற்காக இல்லை. பெயர் வாசிக்கும் முன் வகுப்பாசிரியை ஒவ்வொரு குழந்தையைப் பற்றியும் ஒரு வரி சொன்னார். கையில் காகிதம் இல்லை. "கணக்கில் விடையை முதலில் எழுதிவிட்டு வழியைப் பிறகு தேடுவான்" என்றார் ஒருவனைப் பற்றி. "மழை வந்தால் ஜன்னலோர இடம் கேட்பாள்" என்றார் இன்னொருத்தியை. வெண்பாவின் முறை வந்தது. "பக்கத்தில் இருப்பவர் வாசிக்கத் திணறினால், அடுத்த சொல்லை உதட்டை மட்டும் அசைத்து எடுத்துக்கொடுப்பாள். நான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்."

அவள் காது சிவந்துவிட்டது. தொப்பிக் குஞ்சத்தைத் திருகிக்கொண்டே நின்றாள். மாலதி, வீட்டில் தம்பிக்கு ஓர் அழிப்பானைக்கூட எளிதில் கொடுக்க மாட்டாள்! இப்படி ஒரு வெண்பா இருப்பது எனக்குத் தெரியவே தெரியாது.

அந்த நிமிடத்திலிருந்து ஒரே கவலை. காலை முதல் மாலை வரை ஒரே ஆசிரியையிடம் இருந்ததால் அந்த உதட்டசைவு ஒருவர் கண்ணில் பட்டது. ஆறாம் வகுப்பில் பாடத்துக்கு ஓர் ஆசிரியர். மணி அடித்தால் அடுத்தவர். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நாலைந்து பிரிவுகளுக்கு ஒரே பாடம் நடத்துகிறவரால் விடைத்தாள்களைப் பார்த்து முடிப்பதே பெரிது. வெண்பாவின் மதிப்பெண் எல்லோருக்கும் தெரியும், வெண்பாவை யாருக்குத் தெரியும்? உடம்பு மாறும், தோழிகள் மாறுவார்கள், சட்டென்று வாய் மூடிக்கொள்ளும் வயது வேறு. பிள்ளையை நன்றாக அறிந்த ஒருவர் அருகில் இருக்க வேண்டிய நேரத்திலா அவரைப் பிரித்தெடுப்பது?

எட்டாம் வகுப்பில் சேகர் சார் வருஷம் முழுக்க உன்னை மல்லிகா என்றே கூப்பிட்டாரே, நீயும் மகராசியாக எழுந்து நின்று பதில் சொன்னாயே! அன்று வயிறு வலிக்கச் சிரித்தோம். நேற்று இரவு அதை நினைத்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

விழா முடிந்ததும் வகுப்பாசிரியையிடம் போய், வெண்பாவைப் பற்றிப் புதிய பள்ளிக்கு அரைப் பக்கம் எழுதித் தர முடியுமா என்று கேட்டேன். மதிப்பெண் வேண்டாம், நீங்கள் கண்டதை எழுதுங்கள் என்றேன். "எழுதுகிறேன், ஆனால் அவளிடம் படித்துக் காட்டிவிட்டுத்தான் தருவேன்" என்றார். அந்தப் பதிலுக்காகவே அவரை வெகுநேரம் விடாமல் பேசிக்கொண்டிருந்தேன்.

உன் கார்த்திக் இப்போது ஏழில் இருக்கிறான். அந்தப் பள்ளியில் அவனை அறிந்தவர் என்று சொல்ல ஒருவராவது இருக்கிறாரா? இருந்தால் அது தானாக அமைந்ததா, நீ ஏதாவது செய்தாயா? ஒளிக்காமல் எழுது. சித்ரா வீட்டுக் கல்யாணம் வரை என்னால் காத்திருக்க முடியாது.

அன்புடன்,
வசந்தி