அந்த அலை பிறப்பது நம் காற்றில்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காஸ்மிக் கதிர்களை, அதாவது விண்வெளியிலிருந்து பேராற்றலுடன் வரும் துகள்களை, ரேடியோ ஆன்டெனாக்களால் கண்டறிவது குறித்துத் தங்கள் அறிவியல் பக்கத்தில் வந்த கட்டுரையை, என் பிளஸ் டூ மாணவி ஒருவர் கத்தரித்து எடுத்து வந்திருந்தார். "விண்வெளியிலிருந்து வரும் ரேடியோ அலை" என்ற வரியைப் பேனாவால் கோடிட்டு, "வருவது துகள்தானே சார், அலை எங்கிருந்து வந்தது?" என்று கேட்டார். அவர் கேட்டது சரி. அந்த வரிதான் தவறு.

அந்த அலை பிறப்பது நம் தலைக்கு மேலுள்ள காற்றில். பேராற்றலுடன் வரும் துகள் வளிமண்டலத்தில் ஓர் அணுக்கருவோடு மோதியதும், கோடிக்கணக்கான துகள்களாகப் பெருகி மழைபோல் இறங்குகிறது. அம்மழையின் எலக்ட்ரான்களைப் பூமியின் காந்தப்புலம் ஒரு பக்கமும் அவற்றின் நேர்மின் இணையான பாசிட்ரான்களை எதிர்ப்பக்கமும் விலக்குவதால் உண்டாகும் மின்னோட்டமே, பெருமளவுக்கு இந்த ரேடியோ துடிப்பை எழுப்புகிறது. ஒரு நொடியை நூறு கோடிக் கூறாக்கினால், அதில் சில பத்துக் கூறுகள்தாம் அதன் ஆயுள். 1965இல் இங்கிலாந்தின் ஜோட்ரெல் பேங்க் ரேடியோ வானியல் ஆய்வகத்தில் இயற்பியலாளர் ஜெல்லியின் குழுவினர் இதை முதன்முதலாகப் பதிவு செய்தார்கள்.

பிறக்கும் இடத்தைச் சரியாகச் சொல்லாவிட்டால் இந்த முறையின் பயனே விளங்காது. நெதர்லாந்தின் லோஃபார் ரேடியோ தொலைநோக்கியின் ஆன்டெனாக்கள், துடிப்பின் வலிமை தரையில் எவ்வாறு பரவியிருக்கிறது என்பதை அளந்து, துகள்மழை எந்த உயரத்தில் உச்சத்தை எட்டியது என்று கணிக்கின்றன. இரும்பின் கரு மேலேயே சிதறிவிடும்; அதே ஆற்றலுள்ள புரோட்டான் இன்னும் ஆழமாக இறங்கும். ஆகவே, அந்த உயரம் தெரிந்தால் வந்த துகள் எத்தகையது என்பதும் பிடிபடும். காற்றின் ஒளிர்வைப் பார்க்கும் தொலைநோக்கிகளும் இதை அளக்கும் என்றாலும், அவற்றுக்கு நிலவற்ற தெளிந்த இரவு வேண்டும். ஆன்டெனாவுக்குப் பகலும் ஒன்றுதான், இரவும் ஒன்றுதான். அர்ஜென்டினாவின் பியர் ஓஜே ஆய்வகத்தில், துகள்மழையைக் கண்டறியும் 12,000 லிட்டர் நீர்த்தொட்டிகளின் மேல் ஆன்டெனாக்களைப் பொருத்தியிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

உதகையில் காஸ்மிக் கதிர்களை ஆராயும் கிரேப்ஸ்-3 ஆய்வகத்தையும் கட்டுரை இந்த ரேடியோ வகையில் சேர்த்துவிட்டது. அங்கே துகள்மழையைப் பிடிப்பவை துகள் பட்டதும் ஒளிரும் சின்டிலேட்டர்களும், மழையிலுள்ள மியூவான் என்ற துகள்களைக் கண்டறியும் மியூவான் தொலைநோக்கியும். அதே ஊரிலுள்ள ரேடியோ தொலைநோக்கி வேறு பணிக்கானது.

இவ்விரண்டு திருத்தங்களையும் அதே பக்கத்தில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
இயற்பியல் ஆசிரியர் ஒருவர்,
திண்டுக்கல்.