புகார் சொன்னால் ஓட்டத் தெரியாதவனா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழின் வாகனப் பகுதியில், கார் வாங்குவோருக்கான யோசனைகளுக்கு நடுவே, “புகார்களில் பாதி ஓட்டத் தெரியாதவர்களின் புலம்பல், பொருட்படுத்த வேண்டாம்” என்று ஒரு வரி இருந்தது. நெடுநாள் வாசகன் என்ற உரிமையில் சொல்கிறேன், அந்த வரி என்னைப் புண்படுத்திவிட்டது. மீசை அரும்பிய வயதிலிருந்து கோத்தகிரி மலைப்பாதையில் வண்டி ஓட்டுகிறவன் நான்.

டீசல் கார் வாங்குமுன் விசாரிக்காமல் இல்லை. டாக்ஸி ஸ்டாண்டில் கேட்டேன், குன்னூர் மெக்கானிக்கிடம் கேட்டேன், உங்கள் பழைய இதழ்களையும் புரட்டினேன். கிளட்ச் எவ்வளவு தாங்கும், எந்த வண்டி ஏற்றத்தில் திணறும் என்று டிரைவர்கள் விவரமாகச் சொன்னார்கள். ஆனால் 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 என்ற புகைக்கட்டுப்பாட்டு விதி வந்தபின் டீசல் கார்களின் புகைக்குழாயில் இடம்பிடித்த கரி வடிகட்டியைப் பற்றி அவர்களுக்கே அப்போது தெரியாது. உங்களுக்குத் தெரியும். இருந்தும் விமர்சனம் மைலேஜ், இருக்கை, தொடுதிரை என்று முடிந்துவிட்டது.

அந்த வடிகட்டியில் படியும் கரி, புகை நன்றாகச் சூடேறினால்தான் எரிந்து தீரும். வீடு, பள்ளிக்கூடம், மார்க்கெட் என்று மெதுவாக ஓடும் வண்டியில் அந்தச் சூடு வருவதில்லை. எச்சரிக்கை விளக்கு எரியத் தொடங்கியதும் சர்வீஸ் சென்டரில் சொன்ன வைத்தியம்: ஹைவேயில் 60 கிலோமீட்டர் வேகத்துக்குக் குறையாமல் 20 நிமிடம் ஓட்டுங்கள். கோத்தகிரியில் எந்தச் சாலையில் ஐயா ஓட்டுவது? மேட்டுப்பாளையம் இறக்கத்தில் ஆக்சிலரேட்டரை மிதிக்கவே வேண்டியதில்லை, புகை எங்கே சூடேறும்? அந்த விளக்கை அணைப்பதற்காகவே கீழே போய், கோவை சாலையில் ஓட்டிவிட்டு, மறுபடி மலையேறுகிறோம். இவ்வளவுக்கும் பிறகு ஜாப் கார்டில், அதாவது சர்வீஸ் குறிப்புச் சீட்டில், ‘ஓட்டும் முறையே காரணம்’ என்று எழுதித் தந்தார்கள். அதையேதான் நீங்களும் அச்சிட்டிருக்கிறீர்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் அட்டைப்படத்துக்கு எங்கள் தேயிலைத் தோட்டமும் பனிமூட்டமும் வேண்டும், சோதனை ஓட்டம் மட்டும் சமவெளியின் நான்குவழிச் சாலையில். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். காற்றை அழுத்தித் தரும் டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சின் அங்கே ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சக்தியை இழக்கிறது. ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். அந்த இறக்கத்தில் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போனால் என்ன ஆகும் என்பதை நாங்கள் கண்ணால் பார்த்திருக்கிறோம். ஷோரூமில் கேட்டால் ஐந்து நட்சத்திரத்தைக் காட்டுகிறார்கள். 2023 அக்டோபரில் தொடங்கிய பாரத் என்கேப் என்ற மோதல் சோதனையின் நட்சத்திரம், மோதினால் உள்ளே இருப்பவர் பிழைப்பாரா என்பதற்கானது. நான்காம் ஆண்டில் கியர்பாக்ஸ் எப்படி இருக்கும் என்று அது சொல்லாது. இதை விளக்கி முன்பொரு கடிதம் எழுதினேன். நீலகிரியின் அழகைப் பற்றிய இரண்டு வரியை வைத்துக்கொண்டு மற்றதை வெட்டிவிட்டீர்கள்.

அமெரிக்காவில் சாலைப் பாதுகாப்புத் துறை, உரிமையாளர்கள் தரும் புகார்களை மாடல் வாரியாக இணையத்தில் வைத்திருக்கிறது. வாங்கப்போகிறவர் யாரும் படிக்கலாம். அங்கே ஓட்டத் தெரியாதவர்கள் என்று அவற்றைத் தள்ளிவிடவில்லை. குறையுள்ள வண்டிகளைத் திரும்பப் பெற வைக்கும் சட்டப்பிரிவு நம் நாட்டிலும் 2021 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. ஏழு ஆண்டுக்கு உட்பட்ட வண்டிகளுக்கு அது பொருந்தும். இதைத் தமிழில் எடுத்துச் சொல்ல உங்களைப் போன்ற பத்திரிகையை விட்டால் எங்களுக்கு யார் இருக்கிறார்கள்?

நான் கேட்பது ஒரு சிறிய கட்டம்தான். மாதம் ஒருமுறை, எந்த மாடல், எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை தயாரானவை, என்ன குறைக்காகத் திரும்ப அழைக்கப்படுகின்றன என்று வெளியிடுங்கள். பக்கத்தில் வாசகர்களின் புகார்களுக்கும் கொஞ்சம் இடம் கொடுங்கள், ஊர்ப்பெயருடன். இம்முறையாவது கடிதத்தை வெட்டாமல் போடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகன்,
கோத்தகிரி.